பாதாளத்துக்கு இறங்கும் அறை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகர், "மனிதர் கட்டியதில் உங்களை அசத்தியது எது?" என்று கேட்டிருந்தார். பாலம், அரண்மனை, அணை என்று எதிர்பார்த்திருப்பார் போல. நான் ஒரு தீம் பார்க் ரைடைச் சொன்னேன், பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது தப்பு. "எது அந்த ரைடு?" என்று ஒரு கட்டு கடிதம், "விளையாட்டுச் சாமானைப் போய் கலை என்கிறீர்களே" என்று இன்னொரு கட்டு. சரி, இந்த இதழ் முழுக்க ரைடுதான்.

கேள்வி: உயரமும் வேகமும்தானே சார் ரைடு? எது ரொம்ப உயரமோ, எது ரொம்ப வேகமோ அதுதான் சிறந்தது. இதில் வடிவமைப்பு, கலை என்பதெல்லாம் எங்கே வந்தது?

பதில்: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிங்டா கா என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. 2005-ல் திறந்தபோது உலகத்திலேயே உயரமானதும் அதுதான், வேகமானதும் அதுதான். 139 மீட்டர் உயரம். கிளம்பி மூன்றரை விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம் எடுத்து, செங்குத்தாக ஏறி, உச்சியைத் தாண்டி, முறுக்கிக்கொண்டே செங்குத்தாக இறங்கும். அரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். 2024-ல் அதை மூடினார்கள், 2025 பிப்ரவரியில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். இருபது வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை. ஏறியவர்களுக்கு அது மறக்க முடியாத அனுபவம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உயரமும் வேகமும் பணம் இருந்தால் வாங்கிவிடலாம். உங்களைவிட ஒரு மீட்டர் கூடுதலாக இன்னொருவர் கட்டிய அன்றைக்கே உங்கள் பெருமை அவர் கைக்குப் போய்விடும்.

இதற்குப் பக்கத்தில் ஃப்ளோரிடாவில் 1975-ல் திறந்த ஸ்பேஸ் மவுன்டன் என்ற ரோலர் கோஸ்டரை வையுங்கள். அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர், ஸ்கூட்டரில் போகிற வேகம். ஆனால் ஓடுவது இருட்டில். அடுத்த வளைவு இடது பக்கமா வலது பக்கமா, முன்னால் பள்ளம் இருக்கிறதா இல்லையா, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் ஓடும் வண்டியில் வளைவு வருவதைக் கண் பார்த்ததும் உடம்பு தானாகச் சாய்ந்து தயாராகிவிடும், இங்கே அதற்கு வழியில்லை. நட்சத்திரப் புள்ளிகள் காதோரம் பறக்கின்றன, காற்று முகத்தில் அடிக்கிறது. இறங்கி வருகிறவரிடம் "45-தான்" என்று சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார். அரை நூற்றாண்டாக அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன அந்த ரைடு எது? அதில் அப்படி என்ன?

பதில்: கலிஃபோர்னியாவின் அனஹைமில் இருக்கும் டிஸ்னிலேண்டில் ஹான்டட் மேன்ஷன், அதாவது பேய் மாளிகை. 1969 ஆகஸ்டில் திறந்தது. மாளிகையின் வெளிப்புறம் 1963-லேயே கட்டி முடிந்துவிட்டது. உள்ளே என்ன வைப்பது என்று முடிவாகி, செய்து முடித்துத் திறப்பதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அதில் எல்லாமே நன்றாக இருக்கிறது, ஆனால் நான் உயிரை விடுவது உள்ளே நுழைந்ததும் வருகிற முதல் அறைக்காக. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

டிஸ்னிலேண்டைச் சுற்றி ஒரு மண்மேடு, அதன் மேல் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. மாளிகை அந்த எல்லைக்கு உள்ளே நிற்கிறது. ஆனால் ரைடு ஓடுவதற்குப் பெரிய கொட்டகை வேண்டும், அதற்கு உள்ளே இடம் கிடையாது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் இடம். ஆக வருகிற ஒவ்வொருவரையும் ரயில் பாதைக்கு அடியில் கடத்திக்கொண்டு போக வேண்டும். நீங்களோ நானோ என்ன செய்வோம்? படிக்கட்டு வைப்போம். வயதானவர்களுக்காக லிஃப்ட் ஒன்று வைத்து, அம்புக்குறி போட்டு ஒரு பலகை மாட்டுவோம்.

அவர்கள் லிஃப்ட்தான் வைத்தார்கள், ஆனால் அது லிஃப்ட் என்று யாருக்கும் தெரியாது. எட்டுப் பக்கச் சுவர் உள்ள ஒரு சின்ன அறைக்குள் கூட்டத்தை விடுகிறார்கள். சுவரில் ஓவியங்கள். கதவு மூடுகிறது, மூடிய பிறகு எது கதவு, எது சுவர் என்று அடையாளம் தெரிவதில்லை. எங்கிருந்தோ ஒரு குரல் பேசுகிறது. சுவர் மெல்ல நீள ஆரம்பிக்கிறது. முதலில் கண் ஏமாற்றுகிறதோ என்று தோன்றும், அப்புறம் ஓவியங்களைப் பார்த்தால் அவையும் கீழ்ப்பக்கம் நீண்டுகொண்டே போகின்றன. நாகரிகமாகக் குடை பிடித்து நிற்கும் பெண்ணின் கீழே ஒரு கயிறு தெரிகிறது, அவள் நிற்பது கயிற்றின் மேல், கயிற்றுக்குக் கீழே வாய் பிளந்த முதலை. சட்டையும் கோட்டுமாக மிடுக்காக நிற்பவர் கீழே கால்சட்டை இல்லாமல் வெடிமருந்துப் பீப்பாய் மேல் நிற்கிறார். கூட்டம் சிரிக்கிறது. இந்த அறைக்கு ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை, எப்படி வெளியே போவாய் என்கிற மாதிரி அந்தக் குரல் கேட்கிறது. விளக்கு அணைகிறது, இடி இடிக்கிறது, தலைக்கு மேலே ஒரு கணம் வெளிச்சம் வர, உத்தரத்தில் ஒரு உடல் தொங்குவது தெரிகிறது. சிரித்த அதே வாயால் அலறுகிறார்கள்.

அலறி முடித்து விளக்கு வரும்போது நீங்கள் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறீர்கள். சுவர் உயரவில்லை, தரைதான் இறங்கியது. ஒரு பக்கம் கதவு திறக்கிறது, நீண்ட தாழ்வாரம், ஒரு பக்கம் முழுக்க மின்னல் வெட்டும்போதெல்லாம் முகம் மாறும் ஓவியங்கள். அந்தத் தாழ்வாரம்தான் ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கம். நீங்கள் நடந்துகொண்டே தண்டவாளத்தைக் கடந்துவிட்டீர்கள், உங்களுக்கு அது பேய் வீட்டுத் தாழ்வாரம், அவ்வளவுதான்.

இதில் என்னை நிஜமாகவே உட்கார வைத்தது அடுத்த விஷயம். 1971-ல் ஃப்ளோரிடாவில் இதே மாளிகையை மறுபடி கட்டினார்கள். அங்கே யாரையும் கீழே இறக்க வேண்டிய தேவையே இல்லை. அறையை விட்டுவிட்டிருக்கலாம், விடவில்லை. தரையை அப்படியே வைத்துவிட்டு மேற்கூரையை உயர்த்தினார்கள்! அதாவது எந்தச் சிக்கலைத் தீர்க்க அந்த அறை பிறந்ததோ அந்தச் சிக்கல் இல்லாத ஊரிலும் அந்த அறை இல்லாமல் கதை நிற்காது என்று ஆகிவிட்டது.

கேள்வி: அப்படியானால் ஒரு ரைடை மகத்தான படைப்பு என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஒரு அளவுகோல் கொடுங்கள்.

பதில்: மேலே சொன்ன அறைதான் என் அளவுகோல். இன்ஜினியருக்குத் தேவைப்பட்ட ஒரு பொருளும் கதை சொல்கிறவருக்குத் தேவைப்பட்ட ஒரு பொருளும் ஒரே பொருளாக இருக்க வேண்டும். இரும்பைக் கட்டி முடித்துவிட்டு, மேலே பிளாஸ்டிக் பாறையை ஒட்டினால் போதாது. பாறையைப் பிய்த்தாலும் ரைடு அப்படியே ஓடும் என்றால் அது வெறும் அலங்காரம்.

டிஸ்னிலேண்டிலேயே, 1967-ல் திறந்த பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனுக்கும் அதே ரயில் பாதைதான் தடை. அங்கே படகில் போகிறோம். அமைதியான சதுப்பு நிலம், மின்மினிகள், இருட்டு. திடீரென்று படகு ஒரு அருவியில் சரிகிறது, கொஞ்ச தூரத்தில் இன்னொரு முறை. ஏறியவர் அதைத் திகில் என்று நினைக்கிறார். உண்மையில் தண்டவாளத்துக்கு அடியில் போகிற ஆழத்துக்குப் படகை இறக்கியாக வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சரிவு இல்லாவிட்டால் இன்றைய உலகத்திலிருந்து கொள்ளையர்களின் காலத்துக்குள் விழுந்த உணர்வே வந்திருக்காது.

டிஸ்னிக்கு மட்டும்தான் இது வரும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் தீம் பார்க்கில் மரங்களின் உச்சியைத் தாண்டி எதுவும் தெரியக் கூடாது என்று கட்டுப்பாடு. ரோலர் கோஸ்டர் கட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியுமா? ரைடு வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லியும் அவரோடு வேலை செய்தவர்களும் மேலே போக முடியாது என்றால் கீழே போவோம் என்று பாறையை வெடி வைத்துப் பிளந்து பள்ளம் தோண்டினார்கள். 1994-ல் திறந்த அந்த ரைடின் பெயர் நெமிசிஸ். தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில் தொங்கும், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்தான், ஆனால் பாறைச் சுவர் கால் நுனிக்குப் பக்கத்தில் சீறிப் போகிறது. திறந்தவெளியில் 80 என்பது ஒன்றுமே இல்லை, பாறைப் பிளவுக்குள் 80 என்றால் தொண்டை காய்ந்துவிடும். அதன் கதையும் அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்துதான் வருகிறது: பூமிக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு வேற்றுலக ஜந்துவைத் தோண்டிவிட்டார்கள், அதை இரும்பால் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அந்த இரும்புதான் தண்டவாளம். பள்ளத்தில் ஓடும் தண்ணீருக்குச் சிவப்புச் சாயம் கலந்து ரத்த ஆறு என்றார்கள். கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் இந்த ரைடே பிறந்திருக்காது.

கேள்வி: ரோலர் கோஸ்டர் மேலே ஏறும்போது வருகிற அந்தக் கடகட சத்தத்தை இந்தக் காலத்திலும் நிறுத்த முடியாதா?

பதில்: சத்தமில்லாமலும் ஏற்றலாம், பல புதிய கோஸ்டர்களில் சத்தம் இல்லை. நிறுத்தினால் எனக்கு வருத்தம்.

அது என்ன சத்தம் என்று தெரியுமா? வண்டியைச் சங்கிலி மேலே இழுக்கிறது. பாதையின் நடுவே ரம்பப் பல் மாதிரி வரிசையாகப் படிகள் இருக்கும், வண்டியின் அடியில் ஒரு இரும்பு நாக்கு தொங்கும். ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் நாக்கு தூக்கி "டக்" என்று விழுகிறது. சங்கிலி அறுந்தாலும் கரண்ட் போனாலும் வண்டி பின்னால் உருண்டு ஓடாமல் அந்த நாக்கு பல்லில் மாட்டி நிறுத்திவிடும். அதாவது உங்களைப் பயமுறுத்தும் சத்தம், நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்பதற்கான சத்தம்.

நான் முதல் முறை ஏறியபோது எனக்கு இது தெரியாது. பக்கத்தில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார், முன்னால் இருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள், எல்லோரும் அந்த டக், டக், டக்கை எண்ணிக்கொண்டிருக்கிறோம், உச்சியில் சத்தம் நின்றது. நின்ற அந்த அரை விநாடி இருக்கிறதே, அதைவிடப் பயங்கரமான மௌனத்தை நான் எந்த இசையிலும் கேட்டதில்லை.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ரோலர் கோஸ்டரில் வண்டி தலைகீழாகச் சுற்றி வருகிற லூப் ஏன் வட்டமாக இல்லாமல் தண்ணீர்த் துளி மாதிரி இருக்கிறது? அழகுக்காகவா?

பதில்: அழகு அப்புறம் வந்து சேர்ந்தது தம்பி. முதலில் வட்டமாகத்தான் கட்டினார்கள். 1895-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்று. ஏறியவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, அடி பட்டது.

காரணத்தை நீயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவில் போகும்போது உடம்பு உணரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது, அதோடு உன் எடையும் சேரும். லூப்பின் அடியில்தான் வேகம் அதிகம், உச்சியில் குறைவு. வட்டத்தில் ஆரம் எங்கும் ஒன்றே. உச்சியில் விழாமல் தாண்டுவதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகத்தோடு போனால்கூட, உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அடியில் உன் எடையைப் போல் 6 மடங்கு அழுத்தும். அதுவும் நேர்ப் பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த கணத்திலேயே சட்டென்று வந்து கழுத்தில் இறங்கும்.

1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் தீம் பார்க்கில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரில் ஜெர்மனியின் வெர்னர் ஷ்டெங்கலும் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்காஃபும் சேர்ந்து இதைச் சரிசெய்தார்கள். வேகம் அதிகமாக இருக்கும் அடிப்பகுதியில் ஆரம் பெரிசு, வேகம் குறையும் உச்சியில் ஆரம் சின்னது, நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ரயில் பாதைகளிலும் நெடுஞ்சாலை வளைவுகளிலும் பயன்படுகிற அதே வளைகோடுதான், கிளோதாய்டு என்று பெயர். இப்போது ஒரு தாளில் வட்ட லூப் ஒன்றும் துளி லூப் ஒன்றும் வரைந்து பார். துளிதான் கண்ணுக்கும் நன்றாக இருக்கிறது இல்லையா?

கேள்வி: முன் சீட்டா, பின் சீட்டா?

பதில்: பின் சீட். பாதி ரயில் உச்சியைத் தாண்டியதும் முன்பாரம் இழுக்க ஆரம்பித்துவிடும், கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது வேகமாக வரும், உங்களைச் சீட்டிலிருந்து பிடுங்கி எறிகிற மாதிரி இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்கு விருந்து வேண்டும் என்றால் முன் சீட். இரண்டையும் ஒரே நாளில் ஏறிப் பாருங்கள், இரண்டு வேறு ரைடு.

கேள்வி: இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று மூன்று நிமிஷம் ஏறி இறங்குவதைப் போய் மகத்தான படைப்பு என்கிறீர்களே, அந்த இரண்டு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

பதில்: நியாயமான கோபம். வடிவமைத்தவர்தான் பொறுப்பு. எத்தனை அழகான ரைடாக இருந்தாலும் மணிக்கு நானூறு பேரைத்தான் ஏற்றும் என்றால் வாசலில் நிற்கிற பல ஆயிரம் பேருக்கு அது வெறும் வரிசைதான்.

பேய் மாளிகையை முதலில் நடந்துபோய்ப் பார்க்கிற வீடாகத்தான் யோசித்திருந்தார்கள். நடப்பவர் நின்று வேடிக்கை பார்ப்பார், பின்னால் வருகிறவர் இடிப்பார், கூட்டம் நகராது. கடைசியில் ஆம்னிமூவர் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்: சங்கிலி மாதிரிக் கோத்த நூற்றுக்கும் மேற்பட்ட கருப்புக் கூடுகள், நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும், ஏறுமிடத்தில் நகரும் தரை இருப்பதால் அதற்காக எதையும் நிறுத்த வேண்டாம். இப்படி மணிக்கு 2,000 பேருக்கு மேல் போகலாம்.

இது கூட்டத்துக்கான தீர்வு. ஆனால் ஒவ்வொரு கூடும் வேண்டிய இடத்தில் வேண்டிய பக்கம் திரும்பும், முதுகுப்புறம் உயரமாக இருப்பதால் பக்கத்தில் வருகிறவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். அதாவது இயக்குநர் கேமராவைத் திருப்புகிற மாதிரி உங்கள் தலையைத் திருப்பிவிடுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டுமோ அதைத்தான் பார்ப்பீர்கள், அதுவும் தனியாக. வரிசையைக் குறைத்த அதே இயந்திரம்தான் பேய் வீட்டில் உங்களைத் தனியாளாக்குகிறது.

அந்த மாளிகையின் விருந்து மண்டபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். மாடத்திலிருந்து கீழே பார்க்கிறோம், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பேய்கள் ஜோடி ஜோடியாக ஆடுகின்றன, மங்கி மறைகின்றன, மறுபடி வருகின்றன. 1862-ல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய அதே வித்தைதான்: உங்களுக்கும் மண்டபத்துக்கும் நடுவே பிரமாண்டமான கண்ணாடி, பேய்கள் உங்கள் கண்ணுக்கு மறைவான இடத்தில் நிஜப் பொம்மைகளாகச் சுழல்கின்றன, அவற்றின் மேல் வெளிச்சம் விழும்போது பிம்பம் மட்டும் மண்டபத்தில் தெரிகிறது. பிம்பம் இடவலம் மாறும் அல்லவா, அதனால் ஜோடி நடனத்தில் ஆண் நடத்த வேண்டிய இடத்தில் பெண்கள் ஆண்களை நடத்திக்கொண்டு போவதைப் போலத் தெரியும். அடுத்த முறை யாராவது போனால் கவனியுங்கள்.

கேள்வி: திரையில் படம் காட்டி சீட்டை ஆட்டுகிற ரைடுகளும் இந்தக் கணக்கில் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. சீட் ஆடுவது ஒரு பக்கம், படம் ஓடுவது ஒரு பக்கம், கொஞ்ச நேரத்தில் தலைவலிதான் மிச்சம். ஒரு விதிவிலக்கு 1999-ல் ஆர்லண்டோவில் யூனிவர்சல் திறந்த ஸ்பைடர்மேன் ரைடு. அங்கே வண்டி நிஜமாகவே நகர்ந்து போகிறது, நிஜத் தெருவும் சுவரும் செட்டாக இருக்கின்றன, நடுநடுவே முப்பரிமாணத் திரை. வண்டி நகரும்போது திரையைப் பார்க்கிற கோணம் மாறுமே, அந்த மாற்றத்துக்கு ஏற்றபடி படத்தையே முன்கூட்டி வளைத்து வரைந்திருக்கிறார்கள். அதனால் செட் எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது.

கேள்வி: விழப்போகிறோம் என்று தெரியும், பத்திரம் என்றும் தெரியும். அப்புறம் ஏன் பயம் வருகிறது? அப்படி ஒன்றும் ஆகிவிடாதே?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ரோலர் கோஸ்டர் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒரு துண்டில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம், முன் துண்டு காலியாகாவிட்டால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். சாதாரணமாகப் பிரேக் பிடித்த நிலையிலேயே இருக்கும், காற்றழுத்தம் கொடுத்துத்தான் திறப்பார்கள். அழுத்தம் போனால் பிடித்துக்கொள்ளும். காந்தப் பிரேக்குக்குக் கரண்டே வேண்டாம்.

பயம் வருவதற்குக் காரணம், வடிவமைத்தவர் உங்களுக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதை விநாடி விநாடியாகத் தீர்மானித்திருப்பதுதான். ஃப்ளோரிடாவில் 1994-ல் திறந்த டவர் ஆஃப் டெரர் ஒரு பாழடைந்த ஹோட்டல், நீங்கள் ஏறுவது அதன் லிஃப்ட். லிஃப்ட் என்றால் மேலே போகும், கீழே வரும், அது நம் உடம்புக்கே தெரியும். அது கொஞ்சம் மேலே போய் நின்று, கதவு திறந்து, ஏறி இறங்குகிற குழியை விட்டு வெளியே வந்து முன்னால் நகர ஆரம்பிக்கும்போதுதான் வயிற்றில் ஏதோ செய்யும். இதுவரை உங்களுக்குத் தெரிந்த லிஃப்ட் எதுவும் அப்படிச் செய்ததில்லை. அப்புறம் விழுகிறது, விடுகிறார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, மோட்டாரும் கம்பிவடமும் வைத்து ஈர்ப்பு விசையைவிட வேகமாகக் கீழே இழுக்கிறார்கள். அதனால்தான் உடம்பு சீட்டிலிருந்து எழும்புகிறது.

அந்தக் கட்டடத்தின் உயரம் 199 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு வைக்க வேண்டும், 1939-ல் மூடப்பட்டதாகக் கதை சொல்லும் ஹோட்டலின் தலையில் சிவப்பு விளக்கு மினுக்கினால் கதை கெட்டுப்போகும். அந்த ஒரு அடிக்காக அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: நல்ல ரைடு என்று எல்லோரும் சொல்லியும் உங்களுக்கு மனக்குறை இருக்கிற ஒன்று?

பதில்: எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், ஃப்ளோரிடா, 2006. மலையில் ரயில் ஏறுகிறது, முன்னால் தண்டவாளம் பிய்த்து எறியப்பட்டிருக்கிறது, ரயில் இருட்டில் பின்னோக்கி ஓடுகிறது, பிய்த்தது யார் என்பதைக் கடைசியில் பார்க்கப் போகிறோம் என்று முழு ரைடும் ஒரு எட்டிக்காகக் காத்திருக்கிறது. பனிமனிதன். அந்தப் பிரமாண்டமான பொம்மை கை வீசிப் பாய்வதாகச் செய்திருந்தார்கள். திறந்து கொஞ்ச காலத்திலேயே அதன் அசைவு நின்றுபோய், மின்னல் மாதிரி விட்டுவிட்டு மின்னும் விளக்கைப் போட்டு அசைகிற மாதிரிக் காட்டினார்கள். அப்படியும் ரைடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை நேரம் கட்டி எழுப்பிய எதிர்பார்ப்பு எந்த ஒரு கணத்தில் பலிக்க வேண்டுமோ அந்தக் கணத்தில் ஒரு சிலையைத் தாண்டிப் போகிறோம். பராமரிக்க முடிகிற மாதிரி வடிவமைப்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான்.

கேள்வி: ஒருமுறை பார்த்தால் போதாதா? பார்த்த ரைடிலேயே திரும்பத் திரும்ப ஏறுகிறார்களே?

பதில்: பைரேட்ஸ் ரைடில் ஒரே நேரத்தில் பல பொம்மைகள் பேசும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவும் முழுசாகக் கேட்காது. செய்தவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட்டபோது, விருந்துக்குப் போனால் அப்படித்தானே இருக்கும், அங்கங்கே ஒரு துண்டுப் பேச்சு காதில் விழும், அடுத்த முறை வந்தால் வேறு துண்டு கேட்கும் என்கிற அர்த்தத்தில் வால்ட் டிஸ்னி சொன்னதாக அங்கே வேலை செய்தவர்கள் நினைவுகூர்வதுண்டு. 1966 டிசம்பரில் அவர் இறந்துபோனார், ரைடு திறந்தது அடுத்த மார்ச்சில். ஒரு முறையில் பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது.

கேள்வி: என் மகள் எட்டாவது படிக்கிறாள். நோட்டு முழுக்க ரைடு வரைகிறாள். என்ன படிக்கச் சொல்லலாம்?

பதில்: முதலில் நோட்டைப் பிடுங்காதீர்கள். மெக்கானிக்கல், சிவில், கன்ட்ரோல் சிஸ்டம், எதிலிருந்தும் இந்த வேலைக்குப் போகலாம். மேடை ஒளியமைப்பிலிருந்தும், சிற்பத்திலிருந்தும், ஒலியிலிருந்தும் போகலாம். பேய் மாளிகையைச் செய்த மார்க் டேவிஸ், கிளாட் கோட்ஸ் இரண்டு பேருமே கார்ட்டூன் படங்களுக்கு வரைந்தவர்கள். ஒருவருக்குச் சிரிப்பு வேண்டும், இன்னொருவருக்குத் திகில் வேண்டும், இரண்டுமே அந்த வீட்டில் இருக்கிறது.

பாப்பாவுக்கு ஒரு பயிற்சி சொல்லுங்கள். தண்டவாளத்தை வெளியிலிருந்து வரைவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று ஒவ்வொரு பத்து விநாடிக்கும் ஒரு கட்டம் போட்டு வரையட்டும். அந்தப் பத்து விநாடியில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, என்ன காதில் விழும் என்று கட்டத்துக்குக் கீழே எழுதட்டும். வரைந்ததை எனக்கு அனுப்பி வையுங்கள், நிஜமாகவே பார்க்க ஆசைப்படுகிறேன்.

கேள்வி: ஒரு தீம் பார்க்கில் ரைடு அல்லாத ஒன்றை மகத்தான வடிவமைப்பு என்று சொல்வதானால்?

பதில்: குப்பைத் தொட்டி. நெதர்லாந்தில் எஃப்டெலிங் என்று 1952-ல் திறந்த பூங்கா இருக்கிறது. அங்கே 1959-லிருந்து ஹோலே போலே கைஸ் என்று ஒரு குண்டு மனிதர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார், "காகிதம் இங்கே, காகிதம் இங்கே" என்று கூப்பிடுவார். வாய்க்குப் பக்கத்தில் காகிதத்தைக் கொண்டுபோனால் உறிஞ்சி விழுங்கிவிட்டு நன்றி சொல்வார். குழந்தைகள் கையில் இருந்த காகிதமெல்லாம் தீர்ந்துபோய், அவருக்குக் கொடுக்க இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று பூங்காவின் தரையெல்லாம் குனிந்து தேடிக்கொண்டு போகிறார்கள்.